டின் விசிலும் கட்ட மோளமும்

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் மெசேஜ்ல கேட்டிருந்தார்: "கெல்ட்டிக் பங்க்னா என்ன? நம்மூர்ல அது மாதிரி ஏதாச்சும் இருக்கா?" இருக்கு. ஆனா முதல்ல லண்டன் போயிட்டு வந்துருவோம்.

1982. 'தி போக்ஸ்'னு ஒரு பேண்ட் ஆரம்பிக்குது. அதோட முதல் பேரே ஐரிஷ் மொழியில ஒரு வசவு, அர்த்தத்தை நீங்களே தேடிக்கங்க. பாடகர் ஷேன் மெக்கவன் பிறந்தது இங்கிலாந்துல, அப்பா அம்மா அயர்லாந்துக்காரங்க. சொந்தக்காரங்க வீட்ல நாட்டுப்பாட்டு, லண்டன் தெருவுல பங்க். ரெண்டையும் ஒரே மேடையில ஏத்தினாங்க. டின் விசில், அக்கார்டியன், பாஞ்சோ எல்லாம் பங்க் வேகத்துல! அது எப்படி ஒட்டுச்சுன்னா, ரீல், ஜிக் மாதிரி அயர்லாந்து ஆட்ட மெட்டுகள் ஏற்கெனவே வேகமானவை. பங்குக்கு மூணு கார்ட் போதும். ஆனா விஷயம் மெட்டு மட்டும் இல்ல. அப்போ இங்கிலாந்துல ஐரிஷ்காரன்னாலே குடிகாரன், குண்டு வைக்கிறவன்னு ஒரு பார்வை. அந்த ஊர்லயே நின்னு 'ஆமா, நான் ஐரிஷ்தான்'னு கத்திப் பாடுறது சும்மா இல்ல. பின்னாடி அமெரிக்காவுல டிராப்கிக் மர்ஃபிஸ், ஃப்ளாகிங் மாலினு இந்தக் குடும்பம் பெருசாச்சு.

நான் பேசுறது ஆத்தங்குடியில இருந்து. இங்க டைல்ஸ் போடும்போது கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் கலரா சிமெண்ட் கலவையை ஊத்தி, அச்சை எடுத்துட்டு, மேல மணலும் சிமெண்டும் போடுவாங்க. வெளியூர் பாணி, உள்ளூர் மணல். கலப்பிசையும் இப்படித்தான்னு சொல்ல ஆசைதான். பாதிதான் சரி. டைல்ஸ்ல சண்டை கிடையாது, பங்க்ல சண்டைதான் உசிரு.

அந்தச் சண்டையோட நம்ம பக்கம் வந்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 2017-ல இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர். 2018 ஜனவரி 6 அன்னைக்கு சென்னை கீழ்ப்பாக்கத்துல முதல் கச்சேரி. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத தமிழர்' தான் பேருக்கு வேர். கானா, பறை, சட்டி, கட்ட மோளம், கூடவே எலக்ட்ரிக் கிட்டார், ராப். கறாரா பார்த்தா இது பங்க் இல்லைன்னு யாராச்சும் கமெண்ட்ல வருவீங்க, வாங்க. எனக்கு லேபிள் முக்கியமில்ல. கல்யாணத்துக்கு நாதஸ்வரம், சாவுக்குப் பறைன்னு பிரிச்சு, எதை யார் அடிக்கணும்னு சாதி முடிவு பண்ண ஊர்கள் நம்மளோடது. கானாவும் ரொம்ப நாள் சாவு வீட்டுப் பாட்டாத்தான் பார்க்கப்பட்டுச்சு. அதே கானாவையும் பறையையும் கோட் சூட் போட்டுக்கிட்டு, டிக்கெட் எடுத்து வர்ற ராக் கச்சேரி மாதிரியே ஒரு மேடையில நடுவுல நிறுத்துனாங்க. ஆம்பளைங்க கோட்டையா இருந்த கானாவைப் பாடின இசைவாணி 2020-ல பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல வந்தாங்க.

கேட்கணும்னா போக்ஸோட 1984 ஆல்பம் 'ரெட் ரோஸஸ் ஃபார் மீ'ல ஆரம்பிங்க, அப்புறம் இவங்க. போன் ஸ்பீக்கர்ல மட்டும் வேண்டாம், கட்ட மோளத்தோட அடி அதுல கேட்கவே கேட்காது.