குழந்தைகளின் மூளையில் ஈயம்: மரபணுவின் கால அட்டவணையைக் குலைக்கும் நஞ்சு

புதுதில்லி: ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் விடைபெற்றது. வீட்டுப் பெயின்டுகளில் 90 பிபிஎம் அளவுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய பேட்டரிகளுக்கு 2001-ல் ஒரு விதி. 2022-ல் அதைவிட விரிவான மற்றொரு விதி. காகிதத்தில் பார்த்தால், மத்திய அரசு இந்த நஞ்சு நுழையும் வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்தே வந்திருக்கிறது.

ஆனால், யுனிசெஃப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை வேறு கணக்கைச் சொல்கிறது. இந்தியாவில் சுமார் 27.5 கோடி குழந்தைகளின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருக்கக் கூடும் என்பது அதன் மதிப்பீடு. உலகம் முழுவதற்குமான எண்ணிக்கையே 80 கோடிதான். நிதி ஆயோக் பங்கேற்புடன் 2022-ல் வெளியான ஆய்வறிக்கையும், 23 மாநிலங்களில் சராசரி அளவு இந்த 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருப்பதாகக் கூறியது.

(ஈயம் என்றதும் நம் வீட்டு ஈயச்சொம்பும் ரசமும் நினைவுக்கு வரலாம். அது வெள்ளீயம், வேறு உலோகம். இங்கே பேசப்படுவது காரீயம்.)

இவ்வளவு குறைந்த அளவு ஈயம் குழந்தையை என்ன செய்துவிடும்? காய்ச்சல் வராது, வலி இருக்காது. பெற்றோர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பாதிப்பு நிகழும் இடம் மூளை நரம்பணுக்களுக்குள், மரபணுக்கள் இயங்கும் முறையில்.

ஒரு நரம்பணு அனுப்பும் ரசாயனச் செய்தியை மற்றொரு நரம்பணு வாங்கிக்கொள்வது, அதன் மேற்பரப்பில் உள்ள 'ஏற்பி' எனப்படும் புரதத்தின் மூலம்தான். கற்றலுக்கும் நினைவாற்றலுக்கும் மிக முக்கியமானது என்.எம்.டி.ஏ. ஏற்பி. குளுட்டமேட் என்ற செய்திப் பொருள் வந்து ஒட்டினால் இது திறந்து, கால்சியத்தை உள்ளே விடுகிறது. இந்த ஏற்பி ஒற்றைப் புரதம் அன்று. பல துண்டுகள் சேர்ந்து அமைவது. ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் தனி மரபணு உண்டு.

பிறக்கும்போது மூளையில் மிகுதியாக இருப்பது '2பி' என்ற துண்டு. அது உள்ள ஏற்பி திறந்தால் மெதுவாகவே மூடும். குழந்தை வளர வளர '2ஏ' என்ற துண்டின் மரபணு விழித்துக்கொள்கிறது, '2பி' பின்வாங்குகிறது. புதிய ஏற்பி விரைவாகத் திறந்து விரைவாக மூடும். பிஞ்சு மூளையின் இணைப்புகள் முதிர்ந்து நிலைபெறுவதற்கு இந்த ஆள்மாற்றம் அவசியம். எலிகளில் பிறந்த சில வாரங்களுக்குள் இது நடந்து முடிந்துவிடுகிறது.

இதை நடத்துவது எது? நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் சூசன் ஜூகின் தலைமையிலான குழு 2012-ல் ஒரு பகுதி விடையைத் தந்தது. 'ரெஸ்ட்' என்ற புரதம் உரிய நாளில் '2பி' மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் போய் அமர்ந்து, அங்கே ரசாயன முத்திரைகள் விழச் செய்து, அந்த மரபணுவை அடக்குகிறது. பிறந்த ஆரம்ப நாட்களில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட எலிக்குட்டிகளில் இது சரிவர நடைபெறவில்லை. தாயின் அருகாமை என்பது மரபணு வரை எட்டும் விஷயம் என்று அப்போது புலனாயிற்று.

புதிய மரபணு விழிப்பதற்கோ அனுபவம் தேவைப்படுகிறது. இருட்டிலேயே வளர்க்கப்பட்ட எலிகளின் பார்வைப் பகுதியில் இந்த மாற்றம் தாமதமாகிறது. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த சில மணி நேரத்திலேயே '2ஏ' பெருகியதை 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதாவது, ஏற்பி வேலை செய்தால்தான் ஏற்பியின் மரபணுவும் முறையாக இயங்கும். கால்சியம் உள்ளே வர வேண்டும். அந்தச் சைகை செல்லின் கருவரை போக வேண்டும். அதன் பிறகே மரபணு பேசும்.

ஈயம் கை வைப்பது இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில். அது என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைத்துவிடுகிறது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கால்சியம் குறைகிறது, கருவுக்குச் செல்லும் சைகை தளர்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலார்ட்டே குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், வளரும் பருவத்தில் ஈயத்துக்கு ஆளான எலிகளின் ஹிப்போகேம்பஸில் (நினைவாற்றலுக்கான மூளைப் பகுதி) '2ஏ' புரதம் குறைந்திருந்தது. மாற வேண்டிய வேளையில் ஏற்பி உரிய அளவில் மாறவில்லை.

இவை எலிகளிலும் சோதனைக்கூட செல்களிலும் கண்டவை. உயிருள்ள குழந்தையின் மூளையைத் திறந்து பார்க்க இயலாது. எனினும், ஈயம் ஏறிய குழந்தைகளின் அறிவுத்திறன் அளவீடு குறைவதைப் பல நாடுகளின் நீண்டகால ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. இன்னொரு தகவல் கூடுதலாகக் கவலை தருவது: அமெரிக்காவில் 780 குழந்தைகளிடம் நடத்தி 2001-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், சக்சிமர் என்ற மருந்து ரத்த ஈயத்தைக் குறைத்தது, அறிவுத்திறனை உயர்த்தவில்லை. ரத்தத்திலிருந்து ஈயத்தை இறக்கலாம். கடந்துபோன நாட்களைத் திரும்பப் பெற முடியவில்லை.

இங்கேதான் தில்லியின் வழக்கமான சிக்கல் வருகிறது. பெயின்டும் பேட்டரியும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பு. ரத்தப் பரிசோதனையும், மஞ்சள் தூளில் கலப்படம் பார்ப்பதும் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருபவை. தில்லியை அடுத்த மானேசரில், அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2003 டிசம்பரில் நாட்டுக்கு அர்ப்பணித்த தேசிய மூளை ஆய்வு மையமோ அறிவியல், தொழில்நுட்ப அமைச்சகத்தின் உயிரி தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்தது. உறுப்பினர் எந்த அமைச்சரிடம் கேட்டாலும் பாதி விடைதான் கிடைக்கும். மீதி 'எங்கள் அமைச்சகத்துக்கு உட்பட்டதல்ல'.

பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் 30 குறைபாடுகள் இடம்பெற்றன. கற்றல் குறைபாடு அதில் உண்டு, ரத்த சோகை உண்டு. ரத்தத்தில் ஈயம் இல்லை. இரும்புச்சத்துக் குறைவான உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த விடுபடல் சாதாரணமானதாகத் தோன்றவில்லை.

முடியாத காரியமும் அல்ல. அண்டை நாடான வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேட் கலப்பது 2019-ல் கண்டறியப்பட்டது. சந்தையில் சோதனை, அபராதம், வியாபாரிகளுக்கு எச்சரிக்கை என்று அரசு இறங்கியது. அந்த ஆண்டு மாதிரிகளில் 47 சதவீதமாக இருந்த கலப்படம், 2021-ல் பூஜ்யமாகியது. நமது நாட்டில் கைவிளக்குக் கூடத்தைப் போன்ற சிறு கொட்டகைகளில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குவது இதைவிடக் கடினமான பிரச்சினைதான். அதை நம்பி வயிறு வளர்ப்போர் ஏராளம். அவர்களுடைய குழந்தைகளே அந்தப் புழுதியில் முதலில் தவழ்கின்றன. உட்கொள்ளும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளக் கூடும்.

கிலார்ட்டே குழுவினரே 2003-ல் இன்னொரு முடிவையும் வெளியிட்டனர். ஈயத்துக்கு ஆளான எலிகளில் சிலவற்றைப் பால்குடி மறந்ததும், விளையாட்டுப் பொருட்களும் துணை எலிகளும் நிறைந்த பெரிய கூண்டில் வளர்த்தார்கள். வெறும் கூண்டில் வளர்ந்தவற்றைவிட அவை நன்றாகக் கற்றன. ஹிப்போகேம்பஸில் தளர்ந்திருந்த ஏற்பி மரபணு ஒன்றின் இயக்கமும் மீண்டது. இந்தியாவில் அத்தகைய கூண்டுக்கு ஈடாகச் சொல்லத்தக்கது, பொம்மையும் பாட்டும் சத்துணவும் உள்ள ஒரு நல்ல அங்கன்வாடி. அது மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வரிசையில் நான்காவது அமைச்சகம்.