கொடையும் கட்டுப்பாடும்

தஞ்சை மாவட்டத்து உழவர்களுக்கு ஃபோர்டு அறக்கட்டளை என்னும் பெயர் புதியதன்று. 1960ஆம் ஆண்டில் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு, மக்கள் ‘பாக்கேஜ் திட்டம்’ என்று வழங்கிய அத்திட்டத்துக்கு, அவ்வறக்கட்டளை பொருளுதவி செய்தது. அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. அதே அறக்கட்டளை தன் தாய்நாடாகிய அமெரிக்காவில் உரிமை இயக்கங்களுக்குப் பணம் வழங்கியபோது நிகழ்ந்தவை, நன்கொடை பெறும் ஒவ்வொரு சங்கமும் அறியத்தக்கவை.

மோட்டார்த் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்சல் ஃபோர்டு, 1936இல் 25,000 டாலர் அளித்து இதனைத் தோற்றுவித்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் அமெரிக்க அரசாங்கம் பெருஞ்செல்வர்களின் வாரிசுச் சொத்துவரியை மிக உயர்த்தியிருந்தது. தந்தையும் மகனும் காலமான பின், கம்பெனியின் வாக்குரிமையற்ற பங்குகளிற் பெரும்பகுதி அறக்கட்டளையைச் சேர்ந்தது. வாக்குரிமைப் பங்குகள் குடும்பத்தாரிடமே நின்றன. அறமும் நடந்தது, கம்பெனியின் ஆட்சியும் கைவிட்டுப் போகவில்லை. பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நம் முறைக்கு இது நேர்மாறானது.

1966இல் மக்ஜார்ஜ் பண்டி தலைமை ஏற்றபின், கறுப்பின மக்களின் உரிமைப் பணிக்கு அறக்கட்டளை தாராளமாக உதவலாயிற்று. 1967இல் கிளீவ்லாந்து நகரத்தில் இனச் சமத்துவப் பேரவையின் கிளைக்கு 1,75,000 டாலர் தந்தது. அதில் ஒரு பகுதி வாக்காளர் பதிவுக்குச் செலவாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் கார்ல் ஸ்டோக்ஸ் என்னும் கறுப்பினத்தவர் அந்நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1968இல், மெக்சிக்க வமிசத்து அமெரிக்கர்களின் சட்டப் பாதுகாப்பு நிதியம் ஒன்று டெக்சாஸ் மாநிலத்தில் உருவாக 22 இலட்சம் டாலர் அளித்தது. ஆவணமின்றிக் குடியேறிய குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளிக் கல்வியை மறுத்தலாகாது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கு வழக்காடியது அந்நிதியமே. ஆகவே செல்வர் பணத்தால் ஏழைக்கு நன்மை விளையாது என்று கூறுவது நேர்மையாகாது.

ஆயினும் அப்பணத்துடன் கட்டுப்பாடும் வந்தது. வாக்காளர் பதிவுக்குப் பணம் வழங்கியது அமெரிக்கச் சட்டசபையிற் பெருஞ்சினத்தை எழுப்பியது. 1969 டிசம்பர் 30ஆம் நாள் வரிச் சீர்திருத்தச் சட்டம் கையொப்பமாயிற்று. சட்டங்களை ஆக்கவும் மாற்றவும் செல்வாக்குச் செலுத்தத் தனியார் அறக்கட்டளைகள் பணம் செலவிடுவதை அது தடுத்தது. வாக்காளர் பதிவுக்கு உதவுவதாயின் ஐந்து மாநிலங்களுக்குக் குறையாமற் பணிபுரியும் அமைப்புக்கே உதவலாம் என்றது. ஓர் ஊர் மக்கள் தம் ஊரளவில் நடத்தும் பதிவுப் பணிக்கு அவ்வாசல் அடைபட்டது.

டெக்சாஸில் பிறந்த நிதியமோ, 1970இல், அறக்கட்டளையின் வற்புறுத்தலுக்கு இணங்கித் தன் தலைமையகத்தைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றிக்கொண்டது. கொடை கொடுத்தவர் குடும்பத்துக்கும் மன நிறைவில்லை. முதலாளித்துவத்தின் படைப்பாகிய அறக்கட்டளை தன் பிறப்பையே மறந்ததென்று குறைகூறி, 1976 இறுதியில் எட்சலின் மகன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு அதன் நிர்வாகத்திலிருந்து விலகினார்.

நமக்கு நெருங்கிய உதாரணமும் ஒன்றுண்டு. 1967இல் அமெரிக்கத் தென் மாநிலங்களின் கறுப்பின உழவர்களும் கைவினைஞரும் தம் சங்கங்களை இணைத்துத் தென்னகக் கூட்டுறவுச் சம்மேளனத்தை நிறுவினர். தொடக்க காலத்தில் ஃபோர்டு அறக்கட்டளை அதற்கு உதவிற்று. 1979இல் அரசாங்க விசாரணை ஒன்று அதன்மேற் பாய்ந்து, கணக்கேடுகளைக் கட்டுக்கட்டாகக் கேட்டது. 1981இல் குற்றச்சாட்டு ஏதுமின்றியே அவ்விசாரணை முடிந்தது. சம்மேளனம் இன்றும் நிலைத்திருக்கிறது. கொடையாளர் வரினும் போயினும், நிலத்தில் உழைக்கும் உறுப்பினர்கள் அதன் அடித்தளமாய் நின்றனர். கணக்கும் ஒழுங்காய் இருந்தது.

அங்கத்தினர்களே! நம் சங்கத்தை நாடியும் இத்தகைய உதவிகள் வரலாம். தறிக்கூடம் கட்டவும், கிணறு வெட்டவும், உரிமை கோரி முறையிடவும் பணம் தருவோம் என்று ஒரு நிறுவனம் கூறுமாயின், வெறுக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். நிபந்தனைகளைத் தமிழில் எழுதி வாங்கிப் பேரவைக் கூட்டத்தில் முழுவதும் படித்துக் காட்டுதல் வேண்டும். கொடைப் பணத்துக்குத் தனிக் கணக்கேடு வேண்டும். கட்டடம், கருவி போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு அதனைப் பயன்படுத்தலாம். மாதச் சம்பளத்தையும் நூல் கொள்முதலையும் அதன்மேல் நிறுத்தலாகாது.

இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாமா என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் அறிந்த பழமொழி. பங்குத்தொகையும் சேமநிதியும் சிறியனவாயினும் நம்முடையவை. கொடை நாளையே நின்றுபோனால் சங்கம் எத்தனை மாதம் நடக்கும்? நிர்வாகக் குழுவினரிடம் அடுத்த பேரவைக் கூட்டத்தில் இக்கேள்வியைக் கேளுங்கள். விடையை நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள்.