செல்போனில் எழுதிய கூலிக்கணக்கு ‘மாயம்’ ஆவது ஏன்? தப்பிக்க வழி என்ன?

விருத்தாசலம்:

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கு பேர் போன ஊர். அகல் விளக்கு, பொம்மை, பியூஸ் கேரியர் என்று பல சாமான்கள் இங்கு தயாராகின்றன. எண்ணிக்கைக்கு கூலி வாங்குபவர்களுக்கு கணக்குதான் உயிர். நோட்டில் எழுதிய கணக்கை இப்போது செல்போனிலும் எழுதலாம். ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது.

ஒரு பெண் தொழிலாளி குரோமில் ஒரு இணையதளத்தை திறந்து, தினமும் எத்தனை விளக்கு செய்தார் என்று பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை தீபம் நெருங்கும்போது 2 மாத கணக்கு சேர்ந்து விட்டது. செல்போனில் இடம் போதவில்லை என்று மகன் வாங்கி, எல்லாவற்றையும் ‘கிளியர்’ செய்து கொடுக்கிறான். மறுநாள் திறந்தால் பக்கம் காலி. 2 மாத கணக்கு போயே போச்சு!

கணக்கு எங்கே இருந்தது?

இணையதளத்தில் எழுதுவது 2 இடங்களில் சேமிக்கப்படலாம். ஒன்று, அந்த இணையதளம் நடத்துபவரின் சர்வர். மற்றொன்று, உங்கள் செல்போனிலேயே பிரவுசர் ஒதுக்கும் இடம்.

1994-ம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவன என்ஜினீயர் லூ மான்டுல்லி ‘குக்கி’ என்ற முறையை கொண்டு வந்தார். ஒரு குக்கியில் சுமார் 4 கிலோபைட்தான் பிடிக்கும். பிறகு வந்த ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ முறையில் ஒரு இணையதளம் சுமார் 5 மெகாபைட் வரை வைக்கலாம். ‘இண்டெக்ஸ்டு டிபி’ முறையில் இன்னும் அதிகம்.

போனை அணைத்தாலும் இது அழியாது. சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதலாம். ஆனாலும் இது சூளையில் வேகாத பச்சை விளக்கு மாதிரி. தண்ணீர் பட்டால் கரைந்து விடும்.

எப்போது அழியும்?

* பிரவுசரில் ‘குக்கீஸ், தளத் தரவு’ என்பதை டிக் செய்து அழித்தால் போய்விடும். ‘கேச்’ மட்டும் அழித்தால் பயமில்லை.

* ‘இன்காக்னிட்டோ’வில் எழுதினால், மூடியதும் காலி.

* செல்போனில் இடம் நிரம்பினால், நீண்டநாள் திறக்காத இணையதளங்களின் தகவலை பிரவுசரே அழிக்கலாம். ‘நிரந்தரமாக வைக்க அனுமதி’ பெற்ற தளத்துக்கு இதில் இருந்து பாதுகாப்பு உண்டு. நாமே அழித்தால் அதுவும் காப்பாற்றாது.

* ஐபோன் சபாரியில் 2020-ம் ஆண்டு முதல் புது கட்டுப்பாடு. பிரவுசரை பயன்படுத்தும் நாட்களில் 7 நாள் ஒரு தளத்தை தொடாமல் விட்டால், அது எழுதி வைத்த தகவல் அழிக்கப்படும். முகப்பு திரையில் சேர்த்த தளத்துக்கு விலக்கு உண்டு.

என்ன செய்யலாம்?

அதே தளத்தை வேறு போனில், அதே லாகினில் திறந்து பாருங்கள். கணக்கு தெரிந்தால் அது சர்வரில் இருக்கிறது. தெரியாவிட்டால், அல்லது லாகினே கேட்காத தளமாக இருந்தால், உங்கள் போனில் மட்டுமே இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். போன் தொலைந்தால் கணக்கும் தொலைந்தது.

அப்படிப்பட்ட தளம் என்றால் வாரம் ஒருமுறை கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பி விடுங்கள். சம்பள நாள் வரை பழைய நோட்டையும் தூக்கிப்போட வேண்டாம்.