மின்சாரத்தை மறித்து நிற்கும் எண்ணெய்

துணை மின்நிலையத்தின் வேலிக்கு வெளியே நின்றாலும் கண்ணில் படும். பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் பக்கவாட்டில் ஒரு குழாய் இறங்கும். அதன் நுனியில் ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே நீல நிறத்தில் சிறு மணிகள். இதற்கு 'பிரீத்தர்' என்று பெயர். பகலில் சுமை ஏறும்போது உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகி விரிந்து, மேல்தொட்டியின் காற்றை வெளியே தள்ளுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. வருகிற காற்றின் ஈரத்தை வழியிலேயே உறிஞ்சிவிடுவதுதான் அந்த சிலிக்கா ஜெல் மணிகளின் வேலை. ஈரம் ஏற ஏற நீலம் இளஞ்சிவப்பாக மாறும். (புது வகை மணிகளில் ஆரஞ்சு பச்சையாகும். நீலத்தைத் தருகிற கோபால்ட் குளோரைடு உடலுக்குக் கேடு என்பதால் வந்த மாற்றம் அது.)

கோடிக்கணக்கில் விலை போகும் இயந்திரத்துக்குக் காவல், சில கிலோ மணிகள். அந்த அளவுக்கு ஈரத்தைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது?

எண்ணெயின் தாங்குதிறனைச் சோதிக்கும் முறையிலேயே விடை இருக்கிறது. பி.டி.வி. டெஸ்ட் என்று களத்தில் சொல்வார்கள். ஒரு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகளை அதில் மூழ்கவைத்து, பொறி பறக்கும்வரை மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றுவார்கள். ஆறு முறை செய்து சராசரி எடுப்பது வழக்கம். அதே இடைவெளியில் வெறும் காற்று சுமார் 8 கிலோவோல்ட்டிலேயே தோற்றுவிடும். புது எண்ணெய் டின்னில் வந்தபடியே 30 கிலோவோல்ட் தாங்க வேண்டும். வடிகட்டி, வெற்றிடத்தில் ஈரம் நீக்கிய பிறகு 70 தாங்க வேண்டும். இது சர்வதேசத் தரவரையறை. அதே எண்ணெய்தான், வித்தியாசம் முழுவதும் தூய்மையில். பத்து லட்சம் பங்கு எண்ணெயில் சில பத்துப் பங்கு தண்ணீர் கலந்தாலே தாங்குதிறன் சரியத் தொடங்கும். காகித இழையோ தூசியோ ஈரத்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம். மின்புலம் அந்த இழைகளை இழுத்து வரிசையாக நிறுத்தி, மின்னோட்டத்துக்குத் தானே பாலம் கட்டிவிடும்.

இந்த எண்ணெய்க்கு வயது நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. 1891இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் மின்தொழில்நுட்பக் கண்காட்சி நடந்தது. நெக்கார் ஆற்றங்கரை ஊரான லௌஃபனில் நீர்விசையால் உற்பத்தியான மூன்று கட்ட மின்சாரம் 175 கிலோமீட்டர் பயணித்து அங்கே ஆயிரம் விளக்குகளை ஏற்றியது. ஒரு செயற்கை அருவியையும் ஓடவைத்தது. அவ்வளவு தூரம் அனுப்ப 15 கிலோவோல்ட் தேவைப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மர்களை எண்ணெயில் மூழ்கவைத்தார்கள். கம்பங்களின் பீங்கான் இன்சுலேட்டர்களில்கூட எண்ணெய் நிரப்பிய பள்ளங்கள் இருந்தன.

திடப்பொருள் செய்ய முடியாததைத் திரவம் செய்கிறது. கம்பிச் சுருளிலும் அதைச் சுற்றிய காப்புக் காகிதத்திலும் உள்ள நுண்ணிய இடுக்குகளுக்குள் புகுந்து காற்றுக்குமிழிகளை விரட்டுகிறது. சூட்டைச் சுமந்து வெளிச்சுவர் ரேடியேட்டரில் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. பொறி துளைத்தால் பிளாஸ்டிக்கில் ஓட்டை நிலைத்துவிடும். எண்ணெய் மறுபடி கூடிவிடும். இத்தனைக்கும் மேல், உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது.

அந்தக் கடைசி வேலைதான் ஆய்வாளர்களை அதிகம் ஈர்த்தது. கோளாறு ஏற்படும் இடத்தில் எண்ணெயின் மூலக்கூறுகள் உடைந்து வாயுக்களாகின்றன. எந்த வாயு என்பது எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது. சிறு மின்கசிவு ஹைட்ரஜனைத் தரும். மிதமான சூடு மீத்தேன், ஈத்தேன். சூடு கடுமையானால் எத்திலீன். அசிட்டிலீன் தென்பட்டால் உள்ளே மின்வில் பற்றியிருக்கிறது என்று அலறலாம். கார்பன் மோனாக்சைடு கூடினால் காகிதம் கருகுகிறது. மாக்ஸ் புக்கோல்ஸ் என்ற ஜெர்மானியர் 1921இல் உருவாக்கிய ரிலே, மேலேறும் வாயு சேர்ந்ததும் மணியடிக்கும். இன்றும் அது டிரான்ஸ்ஃபார்மர்களில் இருக்கிறது. ஆனால் அது கொஞ்சம் தாமதமான எச்சரிக்கை. எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுவையே மாதிரி எடுத்து அளக்கும் டி.ஜி.ஏ. முறை பிறகு வந்தது. கனடாவில் ஹைட்ரோ-கியூபெக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் மிஷல் டுவால் 1970களில் வகுத்த முக்கோணம், மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றின் விகிதத்தை வைத்தே கோளாறின் வகையைச் சொல்லிவிடும். சர்க்கரை நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை போல, பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு இது தவறாத வழக்கமாகிவிட்டது.

இவ்வளவு திறமையான எண்ணெய்க்கு ஒரு பெருங்குறை உண்டு: எரியும். பெட்ரோலியத்திலிருந்து வரும் தாது எண்ணெய் சுமார் 170 டிகிரி செல்சியஸில் தீப்பற்றி எரியத் தொடங்கும். மருத்துவமனையின் அடித்தளத்திலும் ரயிலிலும் கப்பலிலும் அதை வைக்க யார் துணிவார்கள்? 1929இல் அமெரிக்காவின் அலபாமாவில் இதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். குளோரின் ஏற்றிய பைஃபினைல் சேர்மங்கள், சுருக்கமாக பி.சி.பி., அந்த ஆண்டு வணிக உற்பத்திக்கு வந்தன. எரியாது, கெடாது, அமிலத்துக்கும் மசியாது. பொறியாளர் கேட்ட எல்லாமே அதில் இருந்தது. கெடாது என்ற குணமே பிற்பாடு வினையானது. 1966இல் ஸ்வீடன் வேதியியலாளர் சோரன் யென்சன் மீன்களிலும் கழுகுகளிலும் பி.சி.பி. தேங்கியிருப்பதைக் கண்டார். 1968இல் மேற்கு ஜப்பானில் தவிட்டெண்ணெய் ஆலை ஒன்றில், சூடேற்றும் குழாய்க்குள் ஓடிய பி.சி.பி. கசிந்து சமையல் எண்ணெயில் கலந்தது. பல்லாயிரம் பேர் பாதிக்கப்பட்டதாகப் புகார் செய்தனர். 'யூஷோ' என்ற பெயரில் அந்த நோய் இன்றும் பேசப்படுகிறது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இயங்கும் கருவிகளில் பி.சி.பி. பயன்பாட்டுக்கு முடிவுகட்ட 2025ஐ எல்லையாக வைத்தது.

மாற்றாக இப்போது முன்னால் நிற்பவை எஸ்டர்கள். சோயா போன்ற வித்துகளின் எண்ணெயிலிருந்து கிடைப்பவை இயற்கை எஸ்டர்கள். ஆலையில் தொகுப்பவை செயற்கை எஸ்டர்கள். இரண்டும் 300 டிகிரியைத் தாண்டினால்தான் தீப்பற்றும். மண்ணில் கொட்டினால் கிருமிகள் தின்று தீர்க்கும். தண்ணீர் விஷயத்தில் இவை பழைய பாடத்தையே புரட்டிப்போடுகின்றன. 20 டிகிரியில் தாது எண்ணெய் பத்து லட்சத்துக்கு ஐம்பது, அறுபது பங்கு நீரைத்தான் கரைக்கும். இயற்கை எஸ்டர் ஆயிரத்துக்கு மேல் கரைத்துக்கொண்டும் தாங்குதிறனை எளிதில் இழக்காது. அதனால் காகிதத்தின் ஈரத்தைத் தன்பக்கம் இழுக்கிறது. காகிதம் மெல்ல முதுமை அடைகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுள் காகிதத்தின் ஆயுள்தான் என்பதால் இது பெரிய லாபம். சீமென்ஸ் நிறுவனம் 2010களின் முற்பாதியில் ஜெர்மனியின் புருக்சால் அருகே 420 கிலோவோல்ட் மின்நிலையத்துக்கே தாவர எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரைச் செய்து கொடுத்தது.

அப்படியானால் பழைய எண்ணெயை வடித்துவிட்டு இதை ஊற்றவேண்டியதுதானே? அங்கேதான் இடிக்கிறது. இயற்கை எஸ்டர் காற்றுப்பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டியாகும். எனவே பிரீத்தர் வழியே மூச்சு விடும் தொட்டிக்கு ஒத்துவராது, மூடிய தொட்டி வேண்டும். இன்னொரு சிக்கல் மின்னலில். மின்னல் தாக்கிய மைக்ரோ விநாடிகளில் திரவத்துக்குள் 'ஸ்ட்ரீமர்' எனப்படும் ஒளிக்கிளைகள் முளைத்து எதிர்முனையை நோக்கி ஓடுகின்றன. தாது எண்ணெயில் அவை விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுகொள்ளும். மின்னழுத்தம் மிகவும் ஏறினால்தான் பல பத்து கிலோமீட்டர் வேகத்துக்குத் தாவும். எஸ்டரில் அந்தத் தாவல் முன்கூட்டியே நிகழ்கிறது. ஆகவே நீண்ட இடைவெளி உள்ள உயர் அழுத்தக் கருவிகளில் வடிவமைப்பையே திருத்த வேண்டியிருக்கிறது. பிரான்ஸின் கிரெனோபிள் முதல் சென்னை ஐ.ஐ.டி.யின் உயர் மின்னழுத்த ஆய்வகம் வரை எஸ்டர்கள் ஆய்வுப் பொருளாக இருப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

நானோ துகள்களைக் கலந்து ஸ்ட்ரீமரை மெதுவாக்கும் முயற்சியும் நடக்கிறது. காந்த இரும்பு ஆக்சைடு துகள் கலந்த எண்ணெய், மின்னல் சோதனையின் நேர்முனைத் துடிப்பில் கிட்டத்தட்ட இரு மடங்கு தாங்கியதாக 1990களின் இறுதியில் முடிவுகள் வந்தன. ஓடிவரும் எலெக்ட்ரான்களைத் துகள்கள் பிடித்துவைத்துக்கொள்கின்றன என்பது எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் தந்த விளக்கம். ஆய்வுக் கட்டுரைகள் குவிந்துவிட்டன. ஆனால் முப்பது ஆண்டு இயங்கவேண்டிய தொட்டியில் துகள்கள் திரளாமல், படியாமல் மிதக்குமா என்ற எளிய கேள்வியை அவற்றில் பல லேசாகவே தொட்டுச் செல்கின்றன.

காப்பு முறிவதையே பிழைப்பாக்கிக்கொண்ட தொழிலும் ஒன்று உண்டு. 1943இல் சோவியத் ஒன்றியத்தின் லசரென்கோ தம்பதி, சுவிட்சுகளின் டங்ஸ்டன் முனைகள் பொறியால் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடினார்கள். திரவத்தில் மூழ்கவைத்தபோது அரிப்பு நிற்கவில்லை. ஆனால் ஒழுங்காக நடந்தது. அரிப்பைத் தடுப்பதை விட்டுவிட்டு, அதைக்கொண்டே உலோகத்தைக் குடையும் இயந்திரத்தைச் செய்தார்கள். கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் அச்சு வார்ப்புகள் செய்யும் டூல் ரூம்களில் ஈ.டி.எம். என்று ஓடுவது அதுதான்: எண்ணெயைப் பொறி துளைக்க, உருகிய துணுக்கை எண்ணெய் கழுவிப் போக, மறுகணம் காப்பு கூடிவிட, அடுத்த பொறி.

கணினிகளும் இந்தத் திரவங்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கணினியின் சர்க்யூட்டுகள் ஃபுளோரோகார்பன் திரவத்தில் மூழ்கியே இயங்கின. இன்றைய தரவு மையங்களின் சிப்புகள் கக்கும் சூட்டுக்குக் காற்று போதாமல் போக, சர்வர்களை அப்படியே தொட்டியில் இறக்கும் முறை மீண்டும் எழுந்தது. ஆனால் எரியாத, கெடாத அந்த ஃபுளோரோகார்பன் திரவங்கள் சூழலிலும் கெடாத பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் உற்பத்தியை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 3எம் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. பி.சி.பி.க்குக் குறித்த அதே ஆண்டு! தரவு மையங்கள் இப்போது செயற்கை ஹைட்ரோகார்பன் எண்ணெய்களையும் எஸ்டர்களையும் பரிசீலிக்கின்றன. அங்கே முளைத்திருக்கும் தலைவலி வேறு: கேபிளின் பி.வி.சி. உறையை வளையவைக்கும் பொருளை எண்ணெய் கரைத்து இழுத்துவிடுகிறது, உறை விறைத்துப்போகிறது. எனவே சர்வரைத் தொட்டியில் இறக்கும் முன் அதன் கேபிள், ஒட்டுப்பசை, லேபிள் வரை ஒவ்வொன்றையும் சூடான எண்ணெயில் ஊறவைத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.