மழலையர் வகுப்பறைக்குள் என்ன காற்று?

மூன்று வயதுக் குழந்தை நிமிடத்துக்கு 20 முதல் 30 முறை மூச்சு விடுகிறது. பெரியவர்கள் 12 முதல் 20 முறைதான். உடல் எடையோடு கணக்கிட்டால், பெரியவர்களைவிடக் குழந்தை இழுக்கும் காற்றே அதிகம். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகே உருவாகின்றன. மூச்சுக்குழாயும் குறுகல், கொஞ்சம் வீங்கினாலே இளைப்பு வந்துவிடும். தரையிலேயே புரண்டு விளையாடுவதால், பெருக்கும்போது கிளம்பும் தூசும் பிஞ்சு மூக்கில்தான் முதலில் ஏறுகிறது.

தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கு ஏ.சி. வகுப்பறை ஒரு விளம்பரம். ஆனால் வழக்கமான ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை; அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ஜன்னலை அடைத்து இருபது, இருபத்தைந்து பிள்ளைகளை உட்கார வைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். வெளியில் அது பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு. அறைக்குள் 1000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்பது பொதுவான கணக்கு. அந்த அளவில் அது விஷமல்ல. ஒரு பிள்ளை விட்ட மூச்சை அடுத்த பிள்ளை இழுக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். சளியும் காய்ச்சலும் வகுப்பு முழுக்கப் பரவ அது போதும்.

ஜூன் திறப்புக்கு முன் அடித்த பெயிண்டும் புது பிளைவுட் அலமாரியும் வேறு கதை. பிளைவுட்டை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மாதக்கணக்கில் கசியும். கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் அதன் வேலை. உலக சுகாதார நிறுவனம் அதற்கு வைத்திருக்கும் வரம்பு, அரை மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். தூங்கும் பிள்ளைகளுக்காக ஏற்றும் கொசுவர்த்திச் சுருள் இன்னும் மோசம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் மையங்களில் ஜன்னல் பெரும்பாலும் திறந்தே இருக்கும்; அது நல்லது. ஒரே அறையில் சமையலும் நடக்கிற இடத்தில்தான் சிக்கல். விறகு போய் கேஸ் வந்தாலும், தாளிக்கும் புகைக்கு வெளியேற வழி வேண்டும்.

பிரான்சில் 2018 முதல் மழலையர் பள்ளிகளும் குழந்தைகள் காப்பகங்களும் உட்புறக் காற்றைக் கண்காணிப்பது சட்டப்படி கட்டாயம். இங்கே கார்பன் டை ஆக்சைடு மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் கட்டணத்தோடு இதையும் கேட்கலாம்: வகுப்பறை ஜன்னலை ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறீர்கள்?