விண்ணோடம் துறை சேர்ந்த வகை

திருவரங்கத்துத் தெற்கு இராஜகோபுரத்தை அண்ணாந்து நோக்காத மாணவர் நம் நகரில் இரார். 1987ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்கோபுரம் பதின்மூன்று நிலைகளோடு ஏறத்தாழ 236 அடி உயர்ந்து நிற்பது. அதற்குச் சற்றே குறைந்த உயரமுள்ள ஓர் உருளை, தன் உச்சியில் நான்கு மனிதரைத் தாங்கி, நெருப்பை உமிழ்ந்துகொண்டு வானில் எழுவதை மனக்கண்ணாற் காண்க. 2025ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் அமெரிக்க நாட்டுக் கென்னடி விண்வெளி மையத்தினின்றும் எழுந்த பால்கன் 9 என்னும் ராக்கெட்டு அத்தகையதே. அங்கே அப்பொழுது பின்னிரவு, ஈண்டு நண்பகல். சென்ற நால்வருள் ஒருவர் நம் நாட்டு விமானப் படையைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா. 1984ஆம் ஆண்டில் ராகேஷ் சர்மா சோவியத்து நாட்டின் சல்யூத் 7 நிலையத்தில் தங்கி மீண்டதற்குப்பின் பூமியைச் சுற்றும் வட்டத்திற்குச் சென்ற இந்தியக் குடிமகன் இவரே.

ராக்கெட்டு மேலெழும் வகை திருவிழா வாணத்தைக் கண்டார்க்கு விளங்காததன்று. உள்ளே எரியும் பொருள் கீழ்நோக்கிச் சீறுங்கால் அதன் எதிர்விசை வாணத்தை மேலே தள்ளுகின்றது. ஆயினும் உயரம் மட்டும் போதாது. நிலையம் சுற்றிவருவது பூமிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டரில். திருச்சிராப்பள்ளிக்கும் சென்னைக்கும் உள்ள தொலைவினும் இது சற்றே மிகுதி. அவ்வுயரத்தில் விழாது சுற்ற வேண்டுமாயின், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அவ்வேகத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு நிமிடத்திற்குள் சென்றுவிடலாம். உண்மையில் நிலையமும் விழுந்துகொண்டேதான் இருக்கின்றது. அது விழுமளவிற்குப் பூமியும் வளைந்து விலகுதலால் தரையைத் தொடுவதில்லை.

இத்துணை விரைந்தோடும் ஒன்றை மற்றொன்று சென்று பற்றுதல் எங்ஙனம்? காவிரியிற் புதுவெள்ளத்தில் இரண்டு பரிசல்கள் மிதப்பதாகக் கொள்வோம். கரையில் நிற்பார்க்கு இரண்டும் கடுகி ஓடுவனவே. ஆனால் ஒன்றிலிருப்பார்க்கு மற்றையது அசையாது அருகே நிற்பதுபோல் தோன்றும். கை நீட்டிப் பற்றவும் கூடும். விண்ணிலும் இதுவே நிகழ்கின்றது.

ஆயினும் பரிசலோட்டி அறியாத விந்தையொன்று அங்குண்டு. முன் செல்வதைப் பிடிக்கக் கருதி விசையைக் கூட்டினால், ஓடம் உயர்ந்த வட்டத்திற்கு ஏறிப் பின்தங்கிவிடும். தாழ்ந்த வட்டமோ சிறியது. ஆங்கு ஈர்ப்பும் மிகுதி. ஆதலின் தாழ்ந்து செல்வதே விரைந்து சுற்றும். சுக்லா சென்ற டிராகன் ஓடமும் தாழ்ந்த வட்டத்தில் நின்று நிலையத்தை நெருங்கிப் படிப்படியாக உயர்ந்தது. இறுதிப் பகுதியில் குறித்த இடந்தோறும் நின்று, யாவும் செவ்வையாக உள்ளனவா என்று ஆராய்ந்த பின்னரே முன்னேற வேண்டும். அவ்விடங்களுள் ஒன்று இருபது மீட்டர் தொலைவிலுள்ளது. ஈற்றில் நெருங்கும் வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டரே. புறப்பட்டு ஏறத்தாழ 28 மணி நேரம் கழிந்தபின், ஜூன் 26ஆம் நாள் மாலை நம் நாட்டு நேரம் நான்கு மணியளவில் ஓடம் துறை சேர்ந்தது. முதலில் மெல்லப் பற்றும் வளையம், பின்னர் இறுகப் பூட்டும் பன்னிரண்டு கொக்கிகள், அதன்பின் காற்றுக் கசிவுச் சோதனை. இவை முடிந்த பிறகே கதவு திறக்கப்பட்டது. இச்சோதனையிற் சிறு பிழை நேரினும் இழப்பது மனித உயிர்.

அப்பயணம் ஜூன் 11ஆம் நாளே தொடங்கியிருக்க வேண்டும். ராக்கெட்டில் திரவப் பிராணவாயு கசிவது சோதனையிற் புலப்பட்டமையால் நிறுத்தப்பட்டது. காத்திருந்த நாட்களை வீணென்று கூறுவார் உளர். அங்ஙனம் காத்திருந்தமையாலன்றோ, நால்வரும் பணி முடித்து ஜூலை 15ஆம் நாள் கலிபோர்னியாக் கடலில் நலமே வந்திறங்கினர்!

நம் நாட்டு விஞ்ஞானிகளும் இப்பொறுமையைக் கற்றுள்ளனர். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்றும் ஏவப்பட்ட ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரு சிறு விண்கலங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 220 கிலோ எடையுள்ளவை. அவற்றை இணைக்கும் நாள் இருமுறை தள்ளப்பட்டது. ஜனவரி 12ஆம் நாள் சோதனையாக மூன்று மீட்டர் வரை நெருங்கிய கலங்களை மீண்டும் விலக்கினர். 16ஆம் நாளே அவை இணைந்தன. இக்கலையில் வல்ல நாடுகளுள் இந்தியா நான்காவதாயிற்று. நம் மண்ணினின்றே மனிதரை அனுப்பும் ககன்யான் திட்டத்திற்கும், பின்னர் அமைக்கக் கருதிய நம் சொந்த நிலையத்திற்கும் இக்கலை இன்றியமையாதது.

இந்நகரத்துத் தூய வளனார் கல்லூரியில் 1954ஆம் ஆண்டு பௌதிகம் பயின்று வெளியேறிய அப்துல் கலாம், எஸ்.எல்.வி. 3 திட்டத்திற்குத் தலைமை பூண்டார். 1979இல் அதன் முதல் ராக்கெட்டு கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18ஆம் நாள் அடுத்தது ரோகிணியை வட்டத்தில் நிறுத்திற்று. இடைப்பட்ட மாதங்களில் நிகழ்ந்தது பிழையை ஆராய்தலே.

மேகமில்லா மாலையில், கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில், அம்மாமண்டபத்துப் படித்துறையில் நின்று வானை நோக்குக. சில நாட்களில், மின்னாது ஒளிரும் விண்மீன் ஒன்று சில நிமிடங்களில் வானைக் கடந்து போதல் காணலாம். அதுவே அந்நிலையம். அதனுள்ளும் மனிதர் இருக்கின்றனர். தேர்விற் பிழைத்த கணக்கை மீண்டும் செய்யச் சோம்பும் மாணவர், அதனை ஒருமுறை கண்டுவருவாராக.