நூறு பூட்டுக்கு ஒரே சாவியா?

உங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துப் பாருங்கள். வாசற்கதவுக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று என்று வெவ்வேறு சாவிகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்றால் வசதிதான். ஆனால், சைக்கிள் சாவியைத் திருடியவன் பீரோவையும் திறந்துவிடுவான் அல்லவா? இணையத்தில் நம்மில் பலர் இந்த வசதியைத்தான் விரும்புகிறோம். மின்னஞ்சல், வங்கி, ரயில் முன்பதிவு அனைத்துக்கும் ஒரே கடவுச்சொல்!

நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல்லை ஓர் இணையதளத்தார் அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறார்களா? பொறுப்புள்ளவர்கள் அவ்வாறு செய்வதில்லை. அதை ஒரு கணித முறையால் அரைத்து, மாவை மட்டுமே சேமிக்கிறார்கள். இதற்கு ஹாஷ் என்று பெயர். அரைத்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் திரும்பப் பிரிக்க முடியாது. அடுத்த முறை நீங்கள் வரும்போது, கொடுக்கும் சொல்லை மீண்டும் அரைத்து, இரு மாவும் ஒன்றா என்று ஒப்பிடுகிறார்கள்.

அப்படியானால் திருடனால் என்ன செய்ய முடியும்? மாவுப் பட்டியலைத் திருடிக்கொண்டுபோய், தோன்றும் சொற்களையெல்லாம் தானும் அரைத்துப் பார்ப்பான்! எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 20,883 கோடி சொற்களை உண்டாக்கலாம். மலைப்பாக இருக்கிறதா? எளிய ஹாஷ் முறையானால், நொடிக்கு 1,000 கோடி முறை அரைக்கும் கணிப்பொறி இத்தனையையும் 21 நொடிகளில் முடித்துவிடும்.

மேலும், மனிதர் தேர்ந்தெடுக்கும் சொற்களைக் கண்டுபிடிக்க அவ்வளவு பாடுகூடத் தேவையில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகளான ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து 1979-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றுள் 15 சொற்கள் ஒற்றை எழுத்து! மிகக் குறுகியவை, அகராதியில் உள்ளவை என்று எளிதில் அகப்பட்டவை மொத்தம் 86 சதவிகிதம். ஒவ்வொருவர் மாவிலும் வெவ்வேறு 'உப்பு' சேர்க்கும் முறையையும் அவர்கள் அதில் விளக்கினார்கள். (உண்மையாகவே உப்பு என்றுதான் பெயரிட்டார்கள்!) உப்பு வேறானால், ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் மாவு வேறாகிவிடும். திருடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அரைத்தாக வேண்டும்.

33 ஆண்டுகள் கழித்து, 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து களவுபோய் வெளியான சுமார் 65 லட்சம் ஹாஷ்களில் உப்பே இல்லை. அதே ஆண்டு, வேறு தளங்களில் களவுபோன கடவுச்சொற்களால் டிராப்பாக்ஸ் நிறுவனத்தில் சிலருடைய கணக்குகள் திறக்கப்பட்டன. சைக்கிள் சாவி பீரோவைத் திறந்த கதைதான்.

ஒவ்வொரு தளத்துக்கும் நீண்ட, தொடர்பற்ற கடவுச்சொல் வேண்டும். நூறு சொற்களை யார் மனப்பாடம் செய்வது? இந்த வேலைக்கென்று வந்ததே பாஸ்வேர்டு மேனேஜர். கடவுச்சொல் பெட்டகம் எனலாம். புதிய சொற்களை அதுவே உண்டாக்கும். சங்கேதமாக மாற்றிப் பூட்டி வைக்கும். நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் தலைமைச் சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லைப் பெட்டகம் பல லட்சம் முறை திரும்பத் திரும்ப அரைத்துத்தான் சாவியை உண்டாக்கும். உங்களுக்கு ஒரு நொடித் தாமதம். கோடிக்கணக்கில் முயலும் திருடனுக்கோ பெருந்தொல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. வங்கியின் பெயரைச் சற்றே மாற்றி அமைத்த போலித் தளத்தில் நம் கண் ஏமாறலாம். முகவரி ஓர் எழுத்து பிசகினாலும் பெட்டகம் தானாகச் சொல்லை நிரப்பாது.

பெட்டகமே களவுபோனால்? நியாயமான கேள்வி. 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்களைத் திருடர்கள் கொண்டுபோனார்கள். கடவுச்சொற்கள் சங்கேதத்தில்தான் இருந்தன. ஆனால் தள முகவரிகள் திறந்தே கிடந்தன. தலைமைச் சொல் எளியதாக இருந்தவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து.

எனவே தலைமைச் சொல்லை நீங்களாக யோசிக்காதீர்கள். தாயக்கட்டையிடம், அதாவது ஆறுமுகப் பகடையிடம், விட்டுவிடுங்கள். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில், ஐந்து முறை பகடை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். இப்படி ஆறு சொற்கள் எடுத்தால், சாத்தியமான சேர்க்கைகளின் எண்ணிக்கை 24 இலக்க எண்ணாகும்.

கடையோ அலுவலகமோ நடத்துபவரா நீங்கள்? கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கணிப்பொறித் திரையில் ஒட்டும் வழக்கத்தை விடுங்கள். நிறுவனங்களுக்கான பெட்டகத்தில், யாருக்கு எந்தச் சாவி என்று பிரித்துக் கொடுக்கலாம். ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அனுமதியை நீக்கலாம். அவர் அறிந்திருந்த சொற்களையும் அன்றே மாற்றிவிட வேண்டும். முக்கியமான கணக்குகளுக்கு, முதலில் மின்னஞ்சலுக்கு, இரண்டாவது சோதனையையும் இணைத்துக்கொள்ளுங்கள்.

தலைமைச் சொல்லை மறந்தால், பல பெட்டகங்களில் அதை உருவாக்கிய நிறுவனத்தாலும் திறந்துதர இயலாது. அவர்களிடம் சாவியே இல்லை. ஆகவே அதை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள்.